எண்ணுக்கு மேலே இருந்த துரு

எங்கள் பக்கம் இரும்பை எரித்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். பட்டாசு என்றால் வெடியுப்பு, கந்தகம், கரி என்றுதான் பெரும்பாலானவர்கள் படித்திருப்பார்கள். ஆனால் கம்பி மத்தாப்பிலிருந்து பொன்னிறத்தில் கிளை கிளையாகப் பிரிந்து தெறிக்கிறதே, அது இரும்பு. பொடித்த இரும்பு சூடாகி, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிகிறது. அதற்குள் கொஞ்சம் கார்பன் இருந்தால் பொறி நடு வழியிலேயே உடைந்து பூவாக விரியும். எரிந்து முடிந்து தரையில் விழுகிற சாம்பல், இரும்பு ஆக்ஸைடு. துருவும் அதே வகைதான், கூடவே தண்ணீரும் சேர்ந்தது. மத்தாப்பில் ஒரு நொடியில் நடக்கிற காரியம் கார் ஷெட்டில் முப்பது வருஷம் நடக்கிறது.

இதை எனக்குச் சொன்னது அப்பா. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு பட்டாசு ஆபீஸில் 27 வருஷம் மருந்து கலந்தவர். எங்கள் பக்கம் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சாபீஸ். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அப்பா வேலை பார்த்தது வேறு இடத்தில். ஆனாலும் அந்த வருஷத் தீபாவளியோடு அவர் மருந்து அறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட வேதியியல் எல்லாம் பழைய கார் ஒன்றைப் பிரித்தபோது வந்ததுதான்.

பெரியப்பா 1984இல் மதுரையில் மூன்றாவது கை மாறி வாங்கிய வண்டி அது. 1970இல் பதிவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களுக்கு அம்பாசிடர் தெரியும், பிரீமியர் பத்மினி தெரியும். ஹெரால்டு தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதுதான் நம்ம ஊர் வண்டி. அம்பாசிடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தது, பத்மினி பம்பாயில் செய்தது, ஹெரால்டு மெட்ராஸில் செய்தது. வண்டலூர்ப் பக்கம் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் 1961இல் அதை இங்கே கொண்டுவந்தது. மூலம் இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. மற்ற வண்டிகளில் பானெட் மட்டும் திறக்கும். இதில் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பாகம் மொத்தமும் முன்னால் சாயும். அப்போது டயருக்கு மேலேயே உட்கார்ந்து இன்ஜினில் வேலை பார்க்கலாம். சின்ன இன்ஜின்தான். 948 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக். சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76.

1994இல் வண்டி நின்றது. விருதுநகரில் பெரியப்பாவின் பழைய வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு ஷெட்டில் தள்ளிவிட்டார்கள். அந்த ஷெட்டில் மிளகாய் வத்தல் வியாபாரச் சாக்குகளும் கிடந்தன. வருஷக்கணக்கில் காலிச் சாக்கை வண்டி மேலேதான் அடுக்கினார்கள். ஓடு உடைந்த இடத்தில் ஐப்பசி மழை இறங்கி, சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மார்கழி வரைக்கும் மெதுவாக இரும்புக்குக் கொடுத்தது.

போன வருஷம் வீட்டைப் பாகம் பிரிப்பது என்று முடிவாகி, இடத்தை விற்க ஆள் பார்த்தார்கள். ஷெட் காலியாக வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, கிலோ கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் அடித்தார். "சின்னவன் ஏதோ மெசின் கிசின்னு பாக்குறான்ல, அவன்ட்ட ஒரு வார்த்த கேளு. தீவாளிக்குள்ள சொல்லச் சொல்லு."

சின்னவன் நான்தான்.

பழைய வண்டியை வைத்துக்கொள்ள ஆசை மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது. இதையெல்லாம் ஒத்துக்கொள்ளலாம். முக்கியமான நிபந்தனை வேறு: சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக்கூடாது. வண்டி அதே வண்டியாக இருக்க வேண்டும். இன்ஜின் அதே இன்ஜினா என்பதற்கு ஒரே சாட்சி, பிளாக்கின் பக்கவாட்டில் குத்தியிருக்கும் எண். ஆர்.சி. புக்கில் எண் இருந்தது. பிளாக்கில் அந்த இடத்தைத் தேடினால், உள்ளங்கை அளவுக்குச் செதில் செதிலாகச் செம்பழுப்புத் துரு. எண் அதற்கு அடியில் இருக்கிறதா, அதோடு போய்விட்டதா என்று தெரியாது.

துரு எடுப்பது பற்றி நான் எழுத நினைத்ததற்குக் காரணம் அந்த உள்ளங்கை அளவு இடம்தான். இன்ஜினின் மற்ற இடங்களில் துருவை எடுப்பது வேலை. இந்த இடத்தில் அது ஒரு கேள்வி.

சாதாரணமாக யாராக இருந்தாலும் ஆங்கிள் கிரைண்டரில் வயர் வீலை மாட்டித் தேய்த்துவிடுவார்கள். நானும் ஒரு கிரைண்டரை இரவல் வாங்கி வந்திருந்தேன். அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"இத இந்த முத்தத்துல போடாத."

"ஏம்ப்பா?"

"பக்கத்து வீட்டுல குழா சுருட்டுறாங்க. திண்ண பூரா காயிதம். பொறி எங்க போய் உக்காரும்னு உனக்குத் தெரியுமா?"

பக்கத்து வீட்டு மதினி புஸ்வாணத்துக்கும் வெடிக்கும் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கிறவர். மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். சரி, ஷெட்டிலேயே வைத்துத் தேய்க்கிறேன் என்றேன். அங்கேயும் வேண்டாம் என்றார். அப்புறம் உட்கார்ந்து காரணத்தைச் சொன்னார்.

மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் எதுவும் போகாது. கரண்டி, சுத்தியல், ஆணி எதுவாக இருந்தாலும் மரம், பித்தளை, செம்புதான். உள்ளே போகும் முன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும், உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்கு. நைலான் துணி கூடாது, பருத்திதான். இவையெல்லாம் சின்ன வயதிலிருந்தே கேட்டவை. அன்றைக்குப் புதிதாகச் சொன்னது துருவைப் பற்றி. நல்ல இரும்பைவிடத் துருப்பிடித்த இரும்பு மோசம் என்றார். பட்டாசில் அலுமினியத் தூள் இருக்கிறது. துருவில் ஆக்ஸிஜன் இருக்கிறது. இரண்டையும் ஒன்றோடு ஒன்று அழுத்தி அடித்தால், அலுமினியம் துருவிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது கிளம்புகிற சூட்டில் இரும்பே உருகும்.

நான் பிறகு படித்துப் பார்த்தேன். அதற்குப் பெயர் தெர்மைட். ரயில் தண்டவாளங்களை ஒட்டவைக்க இதே அலுமினியம், இதே இரும்பு ஆக்ஸைடுதான். நிலக்கரிச் சுரங்கங்களில், துருப்பிடித்த இரும்பின் மேல் அலுமினியம் கலந்த உலோகம் மோதித் தெறிக்கும் பொறி மீத்தேனைப் பற்றவைக்கும் என்பதால், அப்படிப்பட்ட சாமான்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அப்பா இதைப் படித்ததில்லை. "துருப்பிடிச்ச ஆணியில அலுமினிய டப்பா விழுந்தா என்னாகும்னு எங்க போர்மேன் சொல்லிக் குடுத்தாரு," என்றார். அவ்வளவுதான். கிரைண்டர் அன்றைக்கே திரும்பிப் போனது.

அதனால் மெதுவான வழிகள்தான் மிச்சம்.

சிவகாசியில் பழைய அச்சு இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியவர். ஜெர்மனியிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த ஆஃப்செட் மெசின்களைப் பிரித்துச் சேர்த்தே ஆயுசைக் கழித்தவர். கார் எனக்கு ஆகாது என்றுதான் முதலில் சொன்னார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்து பிளாக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழவில்லை.

அவர் சொன்ன முதல் விஷயம்: "துருவப் பாத்துப் பயப்படாத தம்பி. துரு ஊதிக் காட்டும்."

உண்மைதான். ஒரு பங்கு இரும்பு துருவானால், அந்தத் துரு இரண்டு பங்கிலிருந்து ஆறேழு பங்கு வரைக்கும் இடத்தை அடைக்கும். அதனால்தான் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் சுவரே வெடித்துப் பிளக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் செதில் கிளம்பி நின்றால் ஒரு மில்லிமீட்டர் இரும்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதில் ஒரு சிறு பங்குதான் போயிருக்கும். மேல் துரு என்பதும் குழித்துரு என்பதும் வேறு வேறு. மேல் துரு பரவலாக மெல்லியதாகப் படர்ந்திருக்கும். அதை எடுத்தால் கீழே கிட்டத்தட்ட பழைய மட்டம் கிடைக்கும். குழித்துரு ஒரே இடத்தில் ஊசி குத்தியதுபோல் உள்ளே இறங்கும். அதை எடுக்க முடியாது. குழிக்குள் இருக்கும் துருவை எடுக்கலாம், குழியை எடுக்க முடியாது.

எங்கள் ஊர் வெயில் எங்களைக் கொஞ்சம் காப்பாற்றியிருந்தது. காற்றில் ஈரப்பதம் குறைவாக இருந்தால் இரும்பு துருப்பிடிப்பது வெகுவாக மட்டுப்படும். 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, இந்த வறண்ட காற்றுதான் தொழிலுக்குக் கைகொடுத்தது. மருந்து காய வேண்டுமே. விவசாயத்துக்கு ஆகாத அந்தக் காற்றுதான் இந்தக் காரையும் முப்பது வருஷம் தாங்கிப் பிடித்தது. ராமேஸ்வரத்திலோ தூத்துக்குடியிலோ நின்றிருந்தால் உப்புக்காற்றில் எடைக்குக்கூடத் தேறியிருக்காது. சாக்கு தொடாத இடமெல்லாம் மேல் துருதான்.

பாகங்களை மூன்றாகப் பிரித்தோம். தகட்டில் செய்த மூடிகள்: வால்வுகளின் மேல்மூடி, டைமிங் செயின் மூடி, அடியில் ஆயில் நிற்கும் சம்ப். இரண்டாவது, அளவு துல்லியமாக இருக்க வேண்டிய பாகங்கள்: கிராங்க்ஷாஃப்ட், கேம்ஷாஃப்ட், ராக்கர் தண்டு. மூன்றாவது, துருவைப் பார்த்த உடனேயே தூக்கிப் போட வேண்டியவை. இதில் முக்கியமானது வால்வு ஸ்பிரிங். வண்டி ஓடும்போது நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் தடவை அமுங்கி எழுகிற ஸ்பிரிங்கில் ஒரு துருக்குழி இருந்தால், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஆசிட்டில் போட்டுச் சுத்தம் செய்தால் இன்னும் மோசம். ஆசிட் இரும்போடு சேரும்போது வருகிற ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஒரு நாள் சொல்லாமல் ஒடியும். எட்டு ஸ்பிரிங்கையும் அண்ணாச்சி எடுத்துத் தனியே வைத்தார். "இது இரும்புக் கடைக்கு," என்றார்.

எதைச் செய்வதற்கும் முன்னால் பிசுக்கு போக வேண்டும். மண்ணெண்ணெய், அப்புறம் டீசல், அப்புறம் சோப்புத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் எந்த மருந்தும் துருவைத் தொடாது. மூன்று ஞாயிறு இதிலேயே போனது.

தகட்டு மூடிகளுக்கு மின்சார வழி. நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. சுற்றிலும் கட்டடக் கம்பித் துண்டுகள் நாலைந்து. பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனை கம்பிகளுக்கு, நெகட்டிவ் முனை நடுவில் தொங்கும் மூடிக்கு. மாற்றிக் கொடுத்தால் மூடி கரையும், கம்பி சுத்தமாகும். 12 வோல்ட் போதும். ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாக இளகி, பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடுகிறது. இதன் நல்ல குணம், நல்ல இரும்பை இது தின்னாது. ஆனால் அலுமினிய பிஸ்டனையோ கார்புரேட்டரையோ அதில் போடக்கூடாது, சோடா அவற்றை அரித்துவிடும். கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. அதிலிருக்கும் குரோமியம் கரைந்து விஷமாகும். டிரம்மிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்புவது ஹைட்ரஜன். அப்பா டிரம்மைத் திறந்த வெளிக்கு மாற்றினார், சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார், வட்டத்துக்குள் பீடியோடு யாரும் வரக்கூடாது என்றார். வயரைக் கழற்றும் முன் சார்ஜரை சுவிட்சில் அணைக்க வேண்டும், கழற்றும்போது வரும் சிறு பொறிகூட வேண்டாம். பட்டாசு ஆபீஸ் மூடி பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவருக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்துவிட்டது. நான் மறந்தாலும் அவர் மறக்கவில்லை. தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து டிரம்மைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

வெளியில் தெரியும் தாங்கிகளுக்கும் நட்டு போல்ட்டுக்கும் அண்ணாச்சி சொன்னது கடுக்காய். கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்த கஷாயத்தை, தேய்த்து மெலிந்த துருவின் மேல் பூசினால், செம்பழுப்பு அப்படியே நீலக் கறுப்பாக மாறுகிறது. கடுக்காயிலிருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து கரையாத கறுப்புப் படலமாகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இது பழைய சங்கதி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் எழுதும் மை. கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைக் கருப்பட்டியோடு ஊறப்போட்டு எடுக்கும் கஷாயத்தைக் கடுக்காயில் தோய்த்த துணியில் தீட்டினால் கறுப்புக் கோடு விழும். கடையில் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்று பாட்டிலில் விற்பதில் பலவற்றின் சாரமும் இந்த டானின்தான், இல்லையென்றால் பாஸ்பாரிக் அமிலம். ஆனால் உரசி ஓடுகிற பாகங்களில் இதைப் பூசக்கூடாது. படலம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது ஒரு அளவுதான். பேரிங் உட்காரும் இடத்தில் அந்த அளவுக்கு இடமில்லை. கிராங்க்ஷாஃப்ட்டுக்கு நைஸ் எமரித் தாளும் எண்ணெயும் பொறுமையும் மட்டும்தான்.

கழுவி முடித்த இரும்பு, கழுவாத இரும்பைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். மேலே ஒன்றுமில்லாமல் அம்மணமாக நிற்கிறதே. கண்ணெதிரே பத்து நிமிஷத்தில் மஞ்சள் பூக்கும். சூடான தண்ணீரில் அலசி, வெயிலில் வைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூச வேண்டும். அம்மா நல்லெண்ணெய்ச் சட்டியை நீட்டினாள். விருதுநகர் எண்ணெய் ஆலைகளுக்குப் பேர்போன ஊர், எதற்கும் எண்ணெய் கிடைக்கும். ஆனால் செக்கு எண்ணெய் நாள்பட நாள்பட இறுகிப் பிசினாகிவிடும். இன்ஜினுக்கு இன்ஜின் ஆயில்தான். அப்பாவுக்கு இதுவும் பழகிய வேலை. மத்தாப்பு மருந்தில் சேர்க்கும் இரும்புத் தூளுக்கு எண்ணெயோ மெழுகோ பூசாமல் விட்டால், உப்பும் ஈரமும் சேர்ந்து அதைக் கலவைக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். மருந்து கெடும், சூடும் ஏறலாம். எரிக்கப்போகிற இரும்பை எரியும் நிமிஷம் வரைக்கும் துருவிடமிருந்து காப்பாற்றுவதும் அவர் வேலையாக இருந்திருக்கிறது.

புரட்டாசி முடியும்போது மிச்சமிருந்தது அந்த உள்ளங்கை அளவு இடம்.

பக்கத்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு எளிதாகச் சொன்னார். "இதுக்கா இம்புட்டு யோசிக்கிற? மட்டமா அரத்தப் போட்டு இழைச்சிட்டு, ஆர்.சி. புக்குல இருக்க நம்பரப் பஞ்ச் வச்சு அடிச்சிரலாம். யாரு பாக்கப் போறா?" திருட்டு வண்டிக்காரன் செய்வதும் இதேதான், அனுமதியில்லாமல் இன்ஜின் எண்ணை மாற்றி அடிப்பது குற்றம். ஆனால் அது எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆசை காட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாம் அடிக்கப்போவது பொய் எண் இல்லையே. அது உண்மையான எண்தானே? ஆர்.சி. புக்கில் இருப்பதுதானே?

காலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "கலவ ரெஜிஸ்டர்ல எல்லாத்தையும் எழுதணும். என்ன மருந்து, எம்புட்டு எடை, எத்தன மணிக்கு. ஒரு நா எழுத மறந்துட்டேன்னு வையி. மறுநா ஞாபகத்துல இருந்து சரியாவே எழுதிரலாம். எங்க போர்மேன் விட மாட்டாரு. காலியா விடும்பாரு. அன்னைக்கி எழுதலங்கறதும் ஒரு விசயம்ல."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

எஃகில் எண் குத்தும்போது, எழுத்துக்கு அடியிலிருக்கும் உலோகமும் அமுங்கி உருமாறுகிறது. மேலே அரத்தால் இழைத்து எண்ணை அழித்தாலும், அந்த அமுங்கிய பகுதி கொஞ்ச ஆழத்துக்கு மிச்சமிருக்கும். தடயவியல் ஆய்வகங்களில் செப்பு உப்பும் அமிலமும் கலந்த திரவத்தைத் தடவி, அழிந்த எண்ணை மேலே வரவழைப்பார்கள். ஆனால் வார்ப்பிரும்பு அப்படி எளிதில் காட்டிக்கொடுக்காது. எங்கள் பிளாக் வார்ப்பிரும்பு. இழைத்துவிட்டால் போனது போனதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை விடுங்கள், அந்த இடத்தில் 1970இல் மெட்ராஸில் யாரோ ஒருவர் சுத்தியலால் அடித்த அடி இருக்கிறது. இருந்தால் இருக்கிறது. இல்லையென்றால் அந்த இடத்தில் இல்லை என்பது இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம்.

அண்ணாச்சி கேட்டது மூன்று சாமான். எலுமிச்சை உப்பு, பழைய பருத்தித் துணி, பித்தளை பிரஷ். பித்தளை இரும்பைவிட மென்மையானது, துருவைத்தான் எடுக்கும், இரும்பைக் கீறாது. எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் கரைத்து, துணியை நனைத்து அந்த இடத்தில் ஒட்டி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் தாளால் மூடினோம். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது, பிரஷ்ஷால் லேசாகத் தேய்ப்பது, துடைப்பது, மறுபடி ஒட்டுவது. ராத்திரி முழுக்க விட்டுவிடலாமே என்றேன். கூடாது என்றார். வார்ப்பிரும்பில் இரும்போடு கிராஃபைட்டும் கலந்திருக்கிறது. அமிலம் அதிக நேரம் நின்றால் துருவை முடித்துவிட்டு இரும்பையும் கரைக்கும். கிராஃபைட் மட்டும் கரிபோல மேலே மிஞ்சும். அதைத் துடைத்தால் எண்ணின் ஓரமும் கையோடு வரும்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு முதல் செதில் முழுசாகக் கழன்றது. அடியில் கறுப்பு. ஒரு மணிக்கு சாம்பல் நிறம் தெரிந்தது. மேகம் திரண்டிருந்தது, அதனால் அப்பா அவசரப்பட்டார். அண்ணாச்சி அவசரப்படவில்லை. மூன்று மணிக்கு, "போதும்," என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவைத்து, ஒரு டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிளாக்கோடு ஒட்டிப் படுக்கவைத்தார். அப்போது நிழல் விழுந்தது. கோடு, வளைவு, மறுபடி கோடு. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். முன்னெழுத்துகளும் எண்களும் ஒவ்வொன்றாகத் தாளில் வெள்ளையாக எழுந்தன. கடைசிக்கு முந்தைய எண் மட்டும் 3ஆ 8ஆ என்று நிச்சயமில்லை. இடது ஓரத்தில் ஒரு குழித்துரு. ஆர்.சி. புக்கில் இருப்பது 8.

"இன்னும் கொஞ்சம் தேச்சா தெரியும்ல அண்ணாச்சி?"

"தேச்சா 3 ஆயிரும்," என்றார்.

அப்படியே விட்டோம். அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. கிரீஸ் தடவி, மெழுகுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறோம். பென்சில் தாளை ஆர்.சி. புக்கோடு சேர்த்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுத்துப்போக வேண்டும். இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்து அது 8தான் என்று ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். பெரியப்பாவிடம் இரண்டையும் சொன்னேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இரும்புக் கடைக்காரருக்குத் தானே போன் அடித்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டி இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில், ஓலைப் பந்தலுக்குக் கீழே நிற்கிறது.

மதுரையில் போரிங் கடையில் சிலிண்டர்களை அளந்தார்கள். மூன்று சிலிண்டர் ஹோனிங்கிலேயே சுத்தமாகிவிட்டன. நாலாவதில், முப்பது வருஷம் பிஸ்டன் வளையம் ஓரிடத்தில் ஒட்டி நின்ற வட்டத்தில் குழி இறங்கியிருக்கிறது. நான்கையும் ஒரே அளவுக்கு விரித்துக் கடைய வேண்டும். விட்டத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் போகும். அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன் தேட வேண்டும்.

அப்பா ஒரு நோட்டு போட்டிருக்கிறார். பாகத்தின் பெயர், தேதி, எடுத்தது, விட்டது என்று நான்கு கட்டம். வால்வு மூடி: துரு எடுத்தது. ஸ்பிரிங் எட்டு: கழித்தது. நாலாம் சிலிண்டர்: குழி இருக்கு, கடைய வேண்டும். இன்ஜின் நம்பருக்கு நேரே மட்டும் 'விட்டது' என்ற கட்டத்தில் தெளிவான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: 'ஒரு எண் சந்தேகம். தொடவில்லை.'